மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பாவின் ஹெரால்டு

"அத்தை, ஒரு சின்ன உதவி..." என்று ஆரம்பிக்கும் போன் எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பணம் கேட்கிறவர்கள் இப்படி ஆரம்பிக்க மாட்டார்கள், முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இது காருக்கு.

அப்பா விட்டுப்போன கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965-ஆம் வருஷத்து வண்டி, இரண்டே கதவு. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் செய்தது. மேலே வெள்ளை, கீழே கடல் பச்சை. வடிவம் போட்டவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், ஏதோ அவர் எங்கள் பங்காளி மாதிரி. 1974-ல் ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், அதனால் மெக்கானிக்குக்குக் கொடுத்த காசைவிட அவர் கையில் ஏறிய கிரீஸ்தான் அதிகம். உறையூரில் எங்கள் சந்துக்குள் ஒரே வெட்டில் திரும்பி வரும் கார் அன்றைக்கும் இன்றைக்கும் அது ஒன்றுதான். முன் சக்கரம் அப்படி மடங்கும்.

இந்தக் காரைக் கல்யாணத்துக்குக் கொடுத்து நான் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்த சட்டத்தையும் எழுதி வைக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைப்பு. வீட்டில் பழைய அம்பாசடரோ பியட்டோ வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும். நான் வக்கீல் இல்லை. வங்கியில் 31 வருஷம் கடன் பிரிவில் இருந்தவள், பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் சொந்த விஷயத்தில் மட்டும் வரவில்லை என்பதுதான் கதை.

2016 தை மாதம். பெரிய மாமாவின் பையன், அவனுடைய நண்பன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கேட்டான். பிள்ளையார் கோவிலிலிருந்து தில்லைநகர் மண்டபம் வரை, மொத்தமே முக்கால் கிலோமீட்டர். "நானே ஓட்டறேன் அத்தை, கீறல் விழாம கொண்டுவந்து விடறேன்" என்றான். அவனுக்குக் கார் லைசென்ஸ் உண்டு, நன்றாகவும் ஓட்டுவான். சாவியைக் கொடுத்துவிட்டு நானும் கல்யாணத்துக்குப் போனேன்.

நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஒரு பழைய காரை ஓட்டுவது என்ன என்று ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். முதல் கியரிலேயே, பாதி கிளட்ச் மிதித்தபடி, பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி, ஆரத்திக்கு நிறுத்தி, எதிர்ப்பட்ட மாமாவுக்கு நிறுத்தி. இந்த வண்டியில் விசிறி இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் சாமந்திச் சரம் வேறு தட்டி மாதிரி தொங்குகிறது. கால் மணி நேரத்தில் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. கிளட்ச் கருகுகிற வாசனை மல்லிகை வாசனையோடு கலந்து வந்தது, இன்னும் மூக்கில் இருக்கிறது.

மண்டப வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தான். ஹெரால்டின் பானெட் மற்ற கார் மாதிரி இல்லை. பக்கவாட்டுக் கொக்கிகளைத் தட்டிவிட்டால் இரண்டு மட்கார்டும் விளக்கும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கூட்டம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, மூடினார்கள். அந்தச் சமயத்தில் மாமா பையனைப் பெண் வீட்டார் யாரோ உள்ளே கூப்பிட, அவன் சாவியைத் தன் சிநேகிதன் ஒருவனிடம் நீட்டி, "கொஞ்சம் ஓரமா போடுடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பையனிடம் இருந்தது பைக் லைசென்ஸ் மட்டும். ரிவர்ஸ் கியர் என்று நினைத்து எதையோ போட்டான், வண்டி முன்னால் துள்ளியது. தவிலை இறக்கி வைத்துவிட்டு வாசல் படியோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரின் வலது காலில் ஏறி நின்றது.

பாதத்தில் மயிரிழை விரிசல் என்று எக்ஸ்ரேயில் வந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது. தை மாதம், அடுத்து மாசி. அவருக்கு அந்த ஆறு வாரத்தில் 11 முகூர்த்தம் பேசி முன்பணம் வாங்கியிருந்தார். தவில் வாசிக்கக் கைதானே வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஊர்வலத்தில் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஆள்.

காவல் நிலையத்துக்குப் போனோம். உதவி ஆய்வாளர் பொறுமையானவர். முதல் கேள்வி, யார் ஓட்டினது, லைசென்ஸ் எங்கே. இரண்டாவது, ஆர்.சி., இன்சூரன்ஸ் யார் பேரில். மூன்றாவது கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "வண்டிய வாடகைக்கு விட்டீங்களாம்மா?"

இல்லை சார், சொந்தக்காரப் பையன் கேட்டான், சும்மா கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "சும்மா இல்ல சார், அஞ்சாயிரம் குடுத்திருக்கோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சாயிரத்தை மாமா பையன் வாங்கியிருக்கிறான். "பெட்ரோல், பாலிஷ், கிளட்ச் தேய்மானத்துக்குத்தான் அத்தை, உங்ககிட்ட குடுக்கத்தான் வெச்சிருந்தேன்" என்று பிறகு சொன்னான். வெச்சிருந்தானோ என்னவோ. உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இத நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தெரிந்துகொண்டேன்.

தவில்காரர் புகார் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிச் செலவும் 11 முகூர்த்தத்துக் கூலியும் கொடுப்பதாக எழுதிக் கொடுத்து முடித்தோம். பாதி நான், பாதி மாமா வீடு. பணம் பெரிதில்லை. அவர் இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். அப்போது இன்சூரன்ஸ் கம்பெனி என்னைக் கைகழுவி விட்டிருக்கும், காரணத்தோடு.

காரணத்தை எனக்குப் படித்துக் காட்டியவர் பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிநேகிதி. பாலிசியைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற பத்திக்குப் போனாள். இந்த வண்டியை எதற்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், இவற்றைத் தவிர என்று ஒரு பட்டியல். அதில் முதலாவது, வாடகைக்கோ பிரதிபலனுக்கோ ஓட்டுவது. அப்புறம் சரக்கு, பந்தயம், வேகச் சோதனை என்று போகும். "உன் அஞ்சாயிரம் இங்க உக்காந்திருக்கு" என்று விரலை வைத்தாள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் எனக்கு ஆச்சரியமாக இருந்தது 2-ஆவது பிரிவின் ஒரு வரையறை. பொதுச் சேவை வாகனம் என்றால் என்ன? கூலிக்கோ பிரதிபலனுக்கோ ஆட்களை ஏற்றிச் செல்லப் 'பயன்படுத்தப்படும்' அல்லது அதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட வண்டி. மஞ்சள் போர்டு மாட்டியிருக்கிறதா, ஆர்.சி.யில் பிரைவேட் கார் என்று எழுதியிருக்கிறதா என்பது அங்கே பேச்சே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏற்றிய அந்த முக்கால் கிலோமீட்டருக்கு அப்பாவின் ஹெரால்டு ஒரு டாக்ஸி. அதுவும் பெர்மிட் இல்லாத டாக்ஸி. 66-ஆவது பிரிவு உரிமையாளர் ஓட்டுவதை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட 'அனுமதிப்பதையும்' சேர்த்துத்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 192ஏ பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு.

லைசென்ஸ் விஷயம் தனி. 5-ஆவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டி போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு. 180-ஆவது பிரிவில் இப்போது 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான் அவனிடம்தான் கொடுத்தேன், அவன் இன்னொருத்தனிடம் கொடுத்தான்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. அதை நான் கோர்ட்டில் போய் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். விபத்து நஷ்டஈட்டு வழக்கில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் திரும்பவும் சொல்லியிருக்கிறது. கம்பெனி பல நேரம் அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, நிபந்தனையை மீறினாய் என்று உரிமையாளரிடம் வசூலிக்க வரும். அடிபட்டவருக்கு அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. வசூலிக்க வரும் வீடு என் வீடு.

சிநேகிதி அதோடு விடவில்லை. "பின்சீட்ல யார் இருந்தா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழனாக ஒரு ஏழு வயசுப் பையன். "உன்னோடது ஆக்ட் பாலிசி. அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது."

இது எனக்குத் தெரியவே தெரியாது, 31 வருஷ வங்கி உத்தியோகத்துக்குப் பிறகும். பழைய கார்தானே என்று பெரும்பாலானவர்கள் கட்டாயத்துக்கு ஆக்ட் பாலிசி என்கிற மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுப்போம். அந்தப் பாலிசி தெருவில் போகிறவருக்கு. ஓசியில் நம்மோடு உட்கார்ந்து வருகிறவருக்கு இல்லை. 2006-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, அது பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவர் விஷயம். பேக்கேஜ் பாலிசி என்கிற முழுப் பாலிசியில் காரில் இருப்பவர்களும் சேர்த்தி, 2009-ல் காப்பீட்டு ஆணையம் சுற்றறிக்கை போட்டுத் தெளிவுபடுத்தியது. பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு ஏழு வயசுப் பையனை நான் எந்தக் காப்பும் இல்லாமல் ஊர்வலம் அனுப்பியிருக்கிறேன்.

சரி, ஓட்டின மாமா பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, 2009-ல். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். உரிமையாளர் தன் மேலேயே நஷ்டஈடு கேட்க முடியாது, அதனால் இரவல் வாங்கினவரும் மூன்றாம் நபராக நின்று கேட்க முடியாது. 15 லட்சத்துக்கு ஒரு தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதே என்றால், அது 'ஓனர்-டிரைவர்' காப்பு. ஆர்.சி.யில் பெயர் உள்ள நான் ஓட்டினால் எனக்கு. அவனுக்கு இல்லை. உரிமையாளர் மாதிரிதான், ஆனால் உரிமையாளர் இல்லை. எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளைக்கு இருக்கிற அந்தஸ்து.

இவ்வளவு படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 2016 விபத்துக்கு முன்னாலும் நான் அதிர்ஷ்டத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா 2011-ல் போனார். வண்டியை என் பேருக்கு மாற்றியது 2013-ல். இடையில் இரண்டு வருஷம் அப்பா பேரிலேயே பிரீமியம் கட்டியிருக்கிறேன், ஒரு வருத்தமான வழக்கம் மாதிரி, அவர் பேரில் வரும் ரசீதைப் பார்க்க வேண்டும் என்று. பாலிசிதாரர் இறந்தால் அந்தப் பாலிசி மூன்று மாதம், அல்லது அது முடியும் தேதி, எது முந்தியோ அதுவரைதான். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதற்கு 31-ஆம் எண் படிவம், வாரிசுச் சான்றிதழ், என் தம்பிகளின் சம்மதக் கடிதம். பெரிய தம்பி கையெழுத்துப் போட எட்டு மாதம் எடுத்துக்கொண்டான். காரை விற்றால் பங்கு வேண்டும் என்றான். விற்கவில்லை, விற்கப் போவதும் இல்லை என்று நூறு தடவை சொல்லி வாங்கினேன். அந்த எட்டு மாதத்திலும் இரண்டு கல்யாணத்துக்கு வண்டி போய் வந்தது. எப்படித்தான் தைரியம் வந்ததோ.

முறைப்படி வாடகைக்கு விட்டால்தான் என்ன என்று ஒரு காலத்தில் யோசித்தேன். சீசனுக்குப் பத்து கல்யாணம் ஓடினால் டயர் காசாவது வரும். மஞ்சள் போர்டுக்கு மாற்ற முடியுமா என்று ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஆர்.சி.யில் உற்பத்தி வருஷத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு விடுகிற வழி ஒன்று இருக்கிறது, 1989-ஆம் வருஷத்து ரென்ட்-ஏ-கேப் திட்டம். அதற்குக் குறைந்தது 50 கார் வேண்டும். என்னிடம் 49 குறைவு.

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் நாத்தனார் பெண், அங்கே கல்யாணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் போகும் கார்களுக்கு அந்த வேலைக்கு டாக்ஸி மாதிரியான லைசென்ஸ் தேவையில்லை, 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்றாள். கல்யாணமும் சாவும் ஒரே வரியில். நம் ஊரில் அப்படி ஒரு வரி எழுத யாருக்கும் கை வராது.

பிறகு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கு என்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசலாக இருக்க வேண்டும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவாகிறவற்றுக்கு நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வண்டியின் 'எம்.எஸ்.' நம்பரை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்பதால் அது வரைக்கும் சந்தோஷமாகப் படித்துக்கொண்டு போனேன்.

அடுத்த விதியில் ஆசை வடிந்தது. விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாட உபயோகத்துக்கும் வணிகத்துக்கும் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடப் போவது, பராமரிப்புக்குப் போவது. இவ்வளவுதான் பட்டியல். கல்யாணம் என்ற சொல்லே இல்லை. மாப்பிள்ளை அழைப்பும் ஒரு கண்காட்சிதானே, மாப்பிள்ளையைக் காட்சிக்குத்தானே வைக்கிறோம் என்று என் தம்பி சொன்னான். நீதிபதி முன்னால் நீயே வந்து சொல்லு என்றேன். நான் விண்டேஜ் பதிவுக்குப் போகவில்லை. சாதாரண பிரைவேட் காராகவே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். அந்தக் கட்டணமும் சும்மா இல்லை. 600 ஆக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டு அறிவிப்பில் 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000.

வேடிக்கை என்னவென்றால், போக்குவரத்துத் துறைக்கு 50 வருஷம் ஆனால் விண்டேஜ். காப்பீட்டுக்காரர்களின் பழைய மோட்டார் டாரிஃப் புத்தகத்தில் விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன்னால் செய்தது, அதற்குக் கிளப் சான்றிதழும் வேண்டும். என் ஹெரால்டு ஒரு கவுன்ட்டரில் புராதனப் பொருள், இன்னொரு கவுன்ட்டரில் வெறும் கிழட்டு வண்டி. பேக்கேஜ் பாலிசி கேட்டு நாலு கம்பெனி ஏறி இறங்கினேன். மூன்று பேர் கம்ப்யூட்டரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரே வரவில்லை என்றார்கள். நாலாவது இடத்தில் மேலாளர் வெளியே வந்து காரைப் பார்த்தார். அவருடைய தாத்தாவிடம் இதே வண்டி இருந்ததாம். அப்புறம் எல்லாம் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பு பேசி வைத்துக்கொள்வதுதான். அவர்கள் சொன்னது 40,000, நான் புதுப்பேட்டையில் உதிரிபாகம் வாங்கின பில்கள் எல்லாவற்றையும் ஒரு பைலில் கோத்துக்கொண்டு போனதில் ஒன்றரை லட்சத்துக்கு வந்தார்கள். பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பையும் சேர்த்துப் போட்டேன்.

"உங்க வண்டிக்கு மேல் திறக்காதே, ஓபன் கார் இருந்தா நல்லா இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் ஊரில் ஓடும் ஓபன் கார்களில் பல, கான்டெஸாவையோ அம்பாசடரையோ கூரையை அறுத்துச் செய்தவை. 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரை என்பது பாடியைத் தாங்கும் எலும்பு. அதை அறுத்துவிட்டு, கதவு இழுத்துக்கொள்கிறது என்று கயிறு கட்டி ஓட்டுகிற ஒரு காரை நானே பார்த்தேன். மணமக்கள் பின்சீட்டின் மேலே, முதுகுச் சாய்மானத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது என்ன செய்கிறேன்? சாவியைக் கொடுப்பதில்லை. நான் ஓட்டுவதாக இருந்தால் வருவேன். பணம் வாங்குவதில்லை, பெட்ரோல் காசுகூட இல்லை. பெட்ரோல் காசு பிரதிபலனா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடலாம், வாதாட எனக்கு வயசில்லை. கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடுவேன்: இன்ன தேதி, இன்ன இடம், உறவுமுறையில் இலவசமாக வருகிறேன், யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். அவர்கள் 'சரி அத்தை' என்று போட்ட பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முறைத்துக்கொண்டவர்களும் உண்டு. காரைக் கேட்டா பத்திரம் எழுதிக் கேக்கறா என்று ஒரு ஒன்றுவிட்ட அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அலங்காரத்துக்கும் சில கறார்கள். செல்லோடேப் கூடாது, வெள்ளை நூல்தான். பூச்சரம் முன் கிரில்லில் தொங்கக்கூடாது. நம்பர் பிளேட்டை மறைத்து 'மணமக்கள்' போர்டு வைக்கக்கூடாது, அதற்குத் தனியாக அபராதம் உண்டு. வாழைக்கன்றை பானெட்டில் கட்டினால் எனக்கு ரோடு தெரியாது. பானெட்டில் சந்தனம் பூசாதீர்கள் என்று கெஞ்சுவேன். காய்ந்த பிறகு சொரிந்தால் அப்பா காலத்து பெயின்ட்டும் கூட வரும். வலது மட்கார்டில் ஐந்து விரல் அளவுக்கு ஒரு மங்கல் இருக்கிறது. அது யாரோ ஒரு பாட்டியின் ஆசீர்வாதம்.

போன வாரப் போன் நாத்தனார் வழியில் ஒரு பையனுக்கு. முதலில் அவன் அப்பாவுக்குத் தயக்கம். "மாப்பிள்ளை வண்டிய பொம்பளை ஓட்டறதா?" என்று பின்னால் யாரோ கேட்டது போனில் விழுந்தது. "பாலிசி என் பேர்ல இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். சரிகைச் செருப்போடு கிளட்ச் மிதிக்க முடியாது, ரப்பர் செருப்பில் ஓட்டினேன். இரண்டே கதவு என்பதால் முன்சீட்டை மடக்கி மாப்பிள்ளையை உள்ளே அனுப்ப வேண்டும். மாலையும் தலைப்பாகையுமாக அவன் குனிந்து நுழைவதற்குள் நாதஸ்வரம் ஒரு கீர்த்தனையையே முடித்துவிட்டது. இருநூறு அடிக்கு ஒருமுறை வண்டியை நியூட்ரலில் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டேன், விசிறி சுற்றட்டும் என்று. தவில்காரர்கள் அதற்கேற்ப நின்று நின்று வாசித்தார்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. மண்டப வாசலில் எல்லாரும் இறங்கின பிறகும் நான் இறங்கவில்லை, நானே ஓரமாகப் போட்டு, சாவியை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா ஒரு கவரை நீட்டினார். மொய்க் கவர் மாதிரி, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினது. போனைத் திறந்து அவர் அனுப்பின 'சரி'யைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கவரைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒரு தாம்பூலப் பையோடு வந்தார். "இதுக்கும் சட்டம் இருக்காம்மா?"

தேங்காயைத் தட்டிப் பார்த்தேன், நல்ல முற்றல். முன்சீட்டில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.